மூலநிலைக்குத் திரும்புதல்: புதுச்சேரியின் இரு தேதிகள்

சில ஆண்டுகளாகவே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வைத்திக்குப்பத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவது எங்கள் வழக்கம். சன்னலைத் திறந்தால் கடல் தெரியும், மணல் தெரியாது. மணல் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். இலக்கியம் பேசக் கூடுகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், நாங்கள் உருப்படியாகச் செய்துவரும் வேலை ஒன்றே ஒன்றுதான். புதுச்சேரியில் அச்சான பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஓர் அட்டவணை. நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது, பிறகு கணினிக்கு மாறித் தரவுத்தளம் ஆயிற்று.

ஒரே ஆசிரியரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைச் சீர்செய்ய எங்களில் ஒருவர் சிறு நிரல் ஒன்றை எழுதினார். அதை நேராக மெய்யான தரவின் மீதே ஓட்டிப் பார்த்தது எங்கள் பேதைமை. ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட பாட்டனாரும் பேரனும் ஒருவராகிவிட்டனர்; பாட்டனார் தாம் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்துப் புதுக்கவிதைத் தொகுப்பு வெளியிட்டவரானார். அன்றுதான் கணினித் துறையினர் எல்லோரும் அறிந்த பாலபாடம் எங்களுக்கும் விளங்கியது. சோதனைக்கென்று தரவுத்தளத்தின் படி ஒன்று வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அந்தப் படியை அழித்து, தொடாமல் வைத்திருக்கும் மூலப்படியிலிருந்து மறுபடி உண்டாக்க வேண்டும். முந்திய சோதனையின் எச்சில் அடுத்த சோதனையில் படியக்கூடாது.

அப்படியே செய்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு விபத்து. எங்கள் குழுவில் மூத்தவரான ஒருவர், எது சோதனைப்படி, எது மெய்ப்படி என்ற பேதம் தெரியாமல், சோதனைப்படியிலேயே நாற்பது நூல்களின் விவரங்களைப் பொறுமையாக உள்ளிட்டு வந்திருக்கிறார். மூலநிலைக்குத் திருப்பும் கட்டளையை இளையவர் ஒருவர் தட்டினார். நாற்பதும் போயின. "ஐயா, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது" என்று இளையவர் மகிழ்ச்சியோடு சொன்னதும், "எனக்கு எல்லாம் போய்விட்டது, தம்பி" என்று பெரியவர் சொன்னதும் ஒரே கணினித் திரையைப் பார்த்துத்தான்.

அந்த உரையாடலுக்குப் பிறகு எங்கள் பேச்சு நூல்களை விட்டு வேறு திசையில் சென்றது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கட்டளை புதிதல்ல என்று எங்களில் ஒருவர் சொன்னார். இந்த நகரத்தையே இரண்டு முறை, தேதி குறித்து, மூலநிலைக்குத் திருப்பியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சின் தொடர்ச்சி.

1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை ஏழாண்டுப் போரை முடித்துவைத்தது. அதன் 11ஆம் பிரிவு இந்தியாவைப் பற்றியது. சோழமண்டலக் கரையிலும் ஒரிசாக் கரையிலும் மலபாரிலும் வங்காளத்திலும் 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசுக்கு எவையெவை இருந்தனவோ, அவற்றை இங்கிலாந்து திருப்பித் தர வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு சோழமண்டலத்திலும் ஒரிசாவிலும் பிரான்சு அடைந்த எல்லாவற்றையும் பிரான்சு துறந்துவிட வேண்டும். இதை ஒரு தரவுத்தள நிர்வாகியிடம் காட்டினால், குறித்த நேரத்துக்கு மீட்டெடுக்கச் சொல்லும் கட்டளையாக அடையாளம் கண்டுகொள்வார்.

ஏன் 1749? அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வணிகர்களாகவே இருந்தனர். கோட்டையும் சேனையும் வைத்திருந்த வணிகர்கள், ஆனால் வணிகர்கள். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபு நவாபானார். கைம்மாறாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன; பின்னர் மசூலிப்பட்டினம், அதன்பின் வடசர்க்கார் மாவட்டங்கள். துய்ப்ளேக்சு கட்டிய சாம்ராச்சியம் முழுவதும் அந்தத் தேதிக்குப் பிற்பட்டது. ஆகவே ஆங்கிலேயர் வெகு கவனமாகவே அந்த ஆண்டைத் தேர்ந்தார்கள். மூலநிலை என்பது இயல்பாகக் கிடைக்கும் ஒன்றல்ல. யாரோ ஒருவர் தமக்கு வசதியான நாளுக்கு அப்படிப் பெயரிடுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1748 செப்டம்பரில், போஸ்கவேன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், சம்பா கோயில் என்று நம்மவர் அழைத்த ஏசுசபைத் தேவாலயத்தின் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் மனம் கசியாமல் படிக்க முடியாத பக்கங்கள் அவை. உடன்படிக்கை குறித்த நாளுக்கும் அந்த இடிப்புக்கும் இடையே நான்கு மாதமும் நிறையவில்லை. உடன்படிக்கைகள் கோயிலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, உண்மைதான். ஆனாலும், 1749 தொடக்கத்தின் புதுச்சேரியை அப்படியே மீட்டுத் தந்திருந்தாலும் அதில் அந்தக் கோயில் இருந்திராது. யாருடைய நினைவில் உள்ள புதுச்சேரி மூலமானது என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிடுகிறது. பின்னாளில் ஈசுவரன் வேறொரு தெருவில்தான் கோயில் கொண்டார்.

அதே 11ஆம் பிரிவில் ஒரு சொற்றொடர் உண்டு: திருப்பித் தரப்படும் இடங்கள் 'இப்போது உள்ள நிலையில்' தரப்படும். அதாவது எல்லைக்கோடு 1749க்குப் போகும். கல்லும் மண்ணும் 1763இலேயே நிற்கும். அந்த நிலை என்ன? 1761 சனவரி 16ஆம் நாள், மாதக்கணக்கான முற்றுகையும் பட்டினியும் கண்ட பிறகு, லாலி நகரத்தை அயர் கூட்டிடம் ஒப்படைத்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். தாம் இருபத்தைந்து ஆண்டுகள் எழுதிய நகரத்தின் வீழ்ச்சியை எழுதும் துயரம் அவருக்கு வாய்க்கவில்லை. சென்னையின் ஆளுநர் பிகட் கோட்டையையும் மதிலையும் நகரத்தின் பெரும்பகுதியையும் தகர்க்கச் செய்தார். 1758இல் லாலி கடலூரின் செயிண்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழி அது. 1765இல் லா தெ லொரிஸ்தோன் வந்து பொறுப்பேற்றபோது அவர் பெற்றுக்கொண்டது இடிபாடுகளை. பழைய தெருக்களின் கோட்டின் மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை போன்ற சில கட்டடங்கள் எப்படியோ தப்பி நின்றன. நேர்கோட்டுத் தெருக்களைப் பார்த்து வியக்கும் பயணிகள், தாம் பார்ப்பது பெரும்பாலும் மீட்டெடுக்கப்பட்ட ஒரு படியை என்று அறிவதில்லை.

அந்தப் பிரிவில் எங்களுக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை கடைசியில் வருகிறது. முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாகவும், சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் முறையான சுபேதாராகவும் இரு அரசுகளும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் சலாபத் ஜங்கை அவர் தம்பி நிசாம் அலி 1762ஆம் ஆண்டிலேயே பதவி இறக்கிச் சிறையில் வைத்துவிட்டார். பாரிசில் பேனா ஓடிக்கொண்டிருந்தபோது ஐதராபாத்துச் செய்தி அங்கே போய்ச் சேரவில்லை. உடன்படிக்கையால் முறையானவர் என்று பெயர் பெற்ற சலாபத் ஜங் அதே 1763இல் சிறையிலேயே இறந்தார். பழைய தரவை வைத்து மீட்டெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கணினிப் புத்தகத்திலும் இல்லை.

இங்கே கணினிக்காரர்கள் பக்கம் சற்றுத் திரும்பவேண்டும். தரவுத்தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்தக் குழுவில் ரேமண்ட் லோரி என்பவர் ஒரு எளிய உபாயத்தைக் கையாண்டார்: ஒரு பக்கத்தைத் திருத்தும்போது அதன்மேல் எழுதாதே, புதிய பக்கத்தில் எழுது, பழையது நிழலாக இருக்கட்டும், வேலை கெட்டால் நிழலுக்குத் திரும்பு. கூடவே, செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்திய மதிப்பு, பிந்திய மதிப்பு இரண்டையும் வரிசையாக எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றும் இருந்தது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளலாம்.

1981இல் எழுதிய கட்டுரையொன்றில் கிரே ஒரு செய்தியை வெளிப்படையாகச் சொன்னார். 'டிரான்சாக்‌ஷன்' என்று கணினிக்காரர்கள் பேசுவது ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்த கருத்து. பேச்சுவார்த்தை நடக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், நடந்தவை நடவாதவையாகும். கையெழுத்து விழுந்துவிட்டால் அது முடிந்தது. முடிந்ததை அழிக்க முடியாது. பிழை தெரிந்தால் ஈடுசெய்யும் இன்னொரு ஒப்பந்தத்தைத்தான் மேலே எழுத வேண்டும். கணக்கெழுதுகிறவர்களுக்கு இது தெரியும்: தவறான பற்றை அடிக்க மாட்டார்கள், எதிர்ப்பதிவு போடுவார்கள். ஆக, மீட்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு உண்டு. ஒன்று, நடந்ததையே இல்லாமலாக்குவது. மற்றது, நடந்ததை வைத்துக்கொண்டு அதற்கு எதிரான ஒன்றைச் செய்வது. முதலாவது சோதனைக்கூடத்தில் மட்டுமே சாத்தியம். சோதனைத் தரவுத்தளத்தில் எவரும் வாழ்வதில்லை. பிறப்பதும் மணம்புரிவதும் கடன்படுவதும் அங்கே இல்லை. (எங்கள் மூத்த நண்பர் அதில் நாற்பது நூல்களோடு குடியிருந்தார் என்பதே எங்கள் விபத்தின் சாரம்.)

சோதனைக்கூடத்து முறைக்கு ஒழுங்கு தந்தவர் என்று கெண்ட் பெக்கைச் சொல்ல வேண்டும். 1990களில் அவர் வகுத்த சோதனைச் சட்டகத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அரங்கைக் கட்டவேண்டும், பின்னால் கலைக்கவேண்டும். தெருக்கூத்துக்காரர்கள் விடியலில் பந்தலைப் பிரித்துவிட்டு அடுத்த ஊர் போவதைப் போல. இன்று போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தை நிறுவினால் 'டெம்ப்ளேட்0' என்று ஒரு மூலப்படி கூடவே வருகிறது. அதில் எவரும் கைவைக்கக் கூடாது. கைபட்டவை எல்லாம் அதன் படிகளாகவே இருக்க வேண்டும். கிரே 2007 சனவரியில் தம் தாயின் அஸ்தியைக் கரைக்கச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே படகில் சென்றவர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கானோர் சல்லடையிட்டும் படகு அகப்படவில்லை.

கிரேயின் இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், 1763 உடன்படிக்கை தன்னை முதல்வகை மீட்பாகக் காட்டிக்கொண்ட இரண்டாம்வகை மீட்பு என்பது விளங்கும். அதற்கு முன்னும் இப்படித்தான். 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கை திருப்பித் தரச் சொன்னது. 1699இல் பிரான்சுவா மர்த்தேன் வாங்கிக்கொண்டார். இடையில் டச்சுக்காரர் கோட்டையை வலுப்படுத்தியிருந்தனர். அந்தச் செலவுக்குப் பணம் கொடுத்த பிறகே நகரம் கைமாறிற்று. 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பியபோது, கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டிருந்தது. வடஅமெரிக்காவின் லூயிபூர் கோட்டைக்கு ஈடாகச் சென்னை என்று ஐரோப்பாவில் கணக்குத் தீர்த்தார்கள். அந்தக் கணக்கில் இடிந்த வீடுகளுக்கு வரிசை கிடையாது.

புதுச்சேரி மறுபடியும் 1778இல் வீழ்ந்தது. 1783இன் வெர்சாய் உடன்படிக்கைப்படி 1785இல் திரும்பியது. அந்த உடன்படிக்கையில் வில்லியனூரையும் பாகூரையும் புதுச்சேரியின் சூழலாகத் தர ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். 1749ஐ மூலமாக வைத்தவர்களே, 1749க்குப் பிந்திய இரண்டு ஊர்களை இருபது ஆண்டுகள் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள். 1793இல் மீண்டும் வீழ்ச்சி. 1802இன் அமியான் சமாதானம் திருப்பித் தரச் சொல்லியும், 1803இல் வந்த பிரெஞ்சுத் தளபதி தெக்கானிடம் நகரம் ஒப்படைக்கப்படவில்லை. 1814 மே 30ஆம் நாளின் பாரிசு உடன்படிக்கை 8ஆம் பிரிவில் புதிய மூலநாளைக் குறித்தது: 1792 சனவரி 1. அன்று பிரான்சிடம் இருந்தவை, சில தீவுகள் நீங்கலாக, பிரான்சுக்கே. அரசன் இன்னும் அரியணையில் இருந்த காலத்து நாள் அது. குடியரசின் காலம் முழுவதும் நடவாததாயிற்று. புதுச்சேரி கைக்கு வந்தது 1816 டிசம்பர் 4ஆம் நாள். ஆனால் 12ஆம் பிரிவு, அங்கே கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவே படை வைக்கலாம் என்று கட்டியது. எல்லை 1792, அதிகாரம் 1814.

நகரம் இப்படிக் கைமாறிக்கொண்டிருக்கையில், யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் எப்போது இறந்தார் என்ற தகவல் என்னவாயிற்று? இந்த இடத்தில்தான் பிரெஞ்சு அரசின் ஒரு செயலை மனமாரப் பாராட்ட வேண்டியிருக்கிறது. பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதவேண்டும் என்பது 1667ஆம் ஆண்டின் அரசாணையிலிருந்து பிரான்சில் இருந்த வழக்கம். 1776 சூனில் பதினாறாம் லூயி இன்னொரு ஆணை பிறப்பித்தார். குடியேற்றநாடுகளில் பதிவேடுகள் மூன்று படிகளாக எழுதப்பட வேண்டும். இரண்டு அங்கேயே இருக்கும். மூன்றாவது கப்பலேறி வெர்சாய்க்கு வரும். வெப்பம், ஈரம், செல், புயல், முற்றுகை ஆகியவற்றை அறிந்தவர்களின் ஏற்பாடு. ஆணை பிறந்த இரண்டே ஆண்டுகளில் புதுச்சேரி வீழ்ந்ததை நினைத்தால் அதன் அருமை தெரியும். அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

படிகள் எத்தனை என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். 1871 மே மாதம் பாரிசு கொம்யூனின் இறுதி நாட்களில் நகரமன்றமும் நீதிமன்றமும் எரிந்தன. பாரிசின் பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளின் ஒரு படி முன்னதிலும் மறுபடி பின்னதிலும் இருந்தது. ஒரே வாரத்தில் இரண்டும் சாம்பல். ஏறக்குறைய 80 லட்சம் பதிவுகள். பாரிசுக்காரர்களிடம் இருந்த சான்றிதழ்கள், தேவாலயக் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி மூன்றில் ஒரு பங்கையே மீட்க முடிந்தது. தலைநகருக்குக் கிட்டாத பாதுகாப்பு எட்டாத தூரத்தில் இருந்த புதுச்சேரிக்குக் கிட்டியது.

இது ஆவணப்பிரியர்களின் பெருமை மட்டும் அன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்வதாக எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காதவர்கள் இந்தியர். அந்த ஆறு மாதத்தில் தாத்தா எடுத்த முடிவும், அவருடைய பிறப்பு எந்தப் பக்கத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது என்பதும், பேரப்பிள்ளைகளின் தலையெழுத்தை இன்றும் தீர்மானிக்கின்றன. எங்கள் தெருவிலேயே பழைய பதிவு ஒன்றின் நகலுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. அவர்களிடம் பெயர்களைச் சீர்செய்யும் நிரல் எழுதியிருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்கு இப்போது துணிவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கே வருவோம். 1736 செப்டம்பரில் தொடங்கும் அந்தப் பேரேட்டை 1846இல் கல்வா-மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுத்தார். எதுவார் ஆரியேல் எடுத்த இன்னொரு படி பாரிசின் தேசிய நூலகத்துக்குப் போயிற்று. 1892க்குப் பின் சென்னை அரசு ஒரு படி எடுத்து, அதை ஆங்கிலமாக்கி 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. இடையிடையே மாதங்களும் ஆண்டுகளும் விடுபட்டிருக்கின்றன. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்கள் வழியாகப் பிள்ளையை அறிந்த நம் தலைமுறைக்கு, படியின் படியிலிருந்துதான் அந்தக் குரல் கேட்கிறது. மூலநிலைக்குத் திருப்பும் கட்டளை இங்கே செல்லாது.

தொடக்கத்தில் விட்ட கருங்கல்லுக்கு வருகிறோம். 1986க்கும் 1989க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல்லுக்கு அப்பால் அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று ஊர்ந்தது. கட்டுமரம் இழுத்து நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடம் போயிற்று. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அமைத்தது. அங்கே மணல் மீண்டது. பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். கடற்கரை மீட்பு என்று அதற்குப் பெயர். எங்கள் மாடிச் சன்னலுக்கு நேரே கல் அப்படியேதான் இருக்கிறது.

எந்த ஆண்டின் கரையை மீட்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டோம். "மாசி மகத்துக்கு எத்தனை சாமி வந்து நின்னாலும் எடம் இருந்துச்சே, அந்த வருசம்" என்றார். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு இன்றும் இங்கேதான் வருகிறார்கள்.

அந்த நாற்பது நூல்களைப் பெரியவர் மறுபடி உள்ளிட்டுவிட்டார். இம்முறை மெய்ப்படியில். மூலப்படிக்கு இப்போது ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: அது எடுக்கப்பட்ட நாளும், எடுத்தவர் பெயரும், அந்த நாளில் எது எது அதில் இல்லை என்ற குறிப்பும். ஒன்று இங்கே, ஒன்று திண்டிவனத்தில் நண்பர் வீட்டில், ஒன்று பாரிசில் மருமகன் ஒருவரிடம். நாட்குறிப்புக்கான வரியில் 'மூலம்' என்ற கட்டத்தை வெறுமையாக விடுவதா, 'படி' என்று எழுதுவதா என்ற விவாதம் வருகிற ஞாயிறுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.